பாய்மரப் படகில் கரை மின்சார வோல்டேஜ் சிக்கல்: அளந்து, இடம் கண்டு, சரிசெய்யும் முறை

துறையில் படகைக் கட்டி, கரை மின்சாரத்தைச் செருகி, மீட்டரில் 230 என்று பார்த்ததும் கரண்ட் நன்றாக இருக்கிறது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்த லோடும் ஓடாதபோது காட்டும் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. பாதி கருகிய பிளக் வழியாகவும் மீட்டர் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சிறியது. ஹீட்டரைப் போட்டதும் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

காணாமல் போகும் ஒவ்வொரு வோல்ட்டும் எங்கோ ஓரிடத்தில் சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினால் அங்கே சூடு இன்னும் கூடும். அதனால்தான் கீழே உள்ள படிகளில் அளப்பது முதலிலும், கருவி வாங்குவது கடைசியிலும் வருகின்றன. எண்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அமைப்புக்கு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் படகுகளுக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ட்ரூ ஆர்எம்எஸ் (அலை சிதைந்திருந்தாலும் சரியாக அளக்கும்) மல்டிமீட்டர் ஒன்று, கேட் 3, 600 வோல்ட் பாதுகாப்புத் தரத்தில். பல சார்ஜர்கள் ஓடும் துறையில் மின் அலையின் வடிவம் சிதைந்திருக்கும். மலிவான மீட்டர் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவதால் அங்கே பல வோல்ட் தப்பாகக் காட்டும்.

ஒரு கிளாம்ப் மீட்டர், அதோடு ஃபேஸ் வயரும் நியூட்ரல் வயரும் தனித்தனியாக வெளியே தெரியும் லைன் ஸ்ப்ளிட்டர். புதியவர்கள் முழுக் கேபிளையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட்டு, ஹீட்டர் ஓடும்போதே பூஜ்யம் காட்டுகிறதே என்று குழம்புவார்கள். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் வரும் பூஜ்யம் அது.

கரைப் பெட்டிக்கும் (துறையில் சாக்கெட்டும் பிரேக்கரும் உள்ள பெட்டி) படகுக் கேபிளுக்கும் நடுவே போட, அரை மீட்டர் நீளத்தில் ஒரு சோதனை அடாப்டர். படகில் லோடு ஓடும்போதே கரை முனையில் அளப்பதற்கு இது வேண்டும். பக்கத்து சாக்கெட்டில் அளந்தால் போதாது. அது வேறொரு ஃபேஸில் இருக்கலாம்.

1000 முதல் 1200 வாட் வரையிலான சாதாரண ஹீட்டர் ஒன்று. அது இழுக்கும் கரண்ட் ஏறி இறங்காமல் நிற்கும். சார்ஜரையோ ஏசியையோ சோதனை லோடாக வைத்தால் நீங்கள் அளக்கும்போதே அவற்றின் கரண்ட் மாறிக்கொண்டிருக்கும்.

இவற்றோடு ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்.

பாதுகாப்பு பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கரைப் பெட்டியின் உள்பக்கத்தை நீங்கள் திறக்கக் கூடாது, அது துறைப் பணியாளரின் வேலை. மின்சாரம் உள்ள (உயிருள்ள) இணைப்பில் அளந்து பழகாதவர்கள் 3-வது படியில் உள்ளபடி செருகிக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கரை மின்சாரம் ஓடும் துறையில் யாரும் தண்ணீரில் இறங்கவே கூடாது. படகின் எர்த் பழுதானால் கசியும் கரண்ட் தண்ணீர் வழியே ஓடும். நன்னீரில் அது நீந்துபவரின் உடல் வழியே ஓடித் தசைகளை முடக்கி மூழ்கடித்துவிடும்.

2. உங்கள் படகின் வரம்புகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு சாதனத்தின் தகட்டிலும் உள்ள வோல்டேஜ், வாட், ஆம்பியர் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலான மோட்டார்கள் தகட்டு வோல்டேஜுக்கு 10 சதவீதம் மேலே கீழே தாங்கும். அதாவது 230-க்கு 207 முதல் 253 வரை. 120-க்கு 108 முதல் 132 வரை.

ஒரே லோ வோல்டேஜ் எல்லாச் சாதனத்தையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. வாட்டர் ஹீட்டருக்கு ஆபத்து இல்லை, தண்ணீர் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். நவீன சார்ஜர்கள் அதே வாட்டை எடுக்க அதிக கரண்ட் இழுக்கும்: 207 வோல்ட்டில் 11 சதவீதம் கூடுதல். உண்மையில் அடிபடுவது கம்ப்ரஸர் மோட்டார். அதன் தொடக்க விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 90 சதவீதம் ஆனால் விசை 81 சதவீதம்தான். சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டார், சாதாரண கரண்டைப் போல் பல மடங்கு இழுத்துச் சுருளைக் கருக்கிவிடும்.

கரைப் பிரேக்கரின் அளவையும் எழுதுங்கள். 16 ஆம்பியர் என்றால் 3680 வாட். 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். 120 வோல்ட் 30 ஆம்பியர் இணைப்பில் கணக்குக்கு 3600 வாட் வரும். மணிக்கணக்கில் ஓடும் லோடுக்கு அதில் 80 சதவீதம், அதாவது 24 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிளக்குகள் கருகுவது பெரும்பாலும் இந்தக் கடைசி 20 சதவீதத்தில்தான்.

3. செருகும் வரிசை

படகின் மெயின் சுவிட்சை அணையுங்கள். கரைப் பெட்டியின் பிரேக்கரையும் அணையுங்கள். கேபிளைப் படகு முனையில் முதலில் செருகி, பூட்டு வளையத்தைத் திருகுங்கள். பிறகு கரை முனை. அதற்குப் பிறகுதான் கரைப் பிரேக்கர்.

படகு முனை முதலில் என்பதற்குக் காரணம் உண்டு. கரையில் முதலில் செருகினால், உயிருள்ள முனையைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்கு மேல் தாண்டி ஏற வேண்டியிருக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகுவதற்கும் காரணம் உண்டு. லோடோடு செருகும்போது முனையில் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஒரு சிறு குழி. அந்தக் குழியில்தான் அடுத்த ஆண்டின் லோ வோல்டேஜ் தொடங்குகிறது.

கேபிளை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருட்டி வைத்த கேபிளின் நடுச்சுற்றுகளுக்கு வெப்பம் வெளியேற வழி இல்லை. முழு லோடில் உறை உருகிவிடும்.

4. லோடு இல்லாமல் மூன்று அளவுகள்

படகின் மெயின் இன்னும் அணைந்தே இருக்கட்டும். மெயினுக்கு முன்னால் மூன்று இணைகளை அளந்து எழுதுங்கள்.

ஃபேஸ்–நியூட்ரல்: 207 முதல் 253-க்குள் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் மெயினைப் போடாதீர்கள்.

ஃபேஸ்–எர்த்: முந்தைய எண்ணுக்கு ஏறத்தாழ சமம்.

நியூட்ரல்–எர்த்: பூஜ்யம் அல்லது ஓரிரு வோல்ட். இங்கே 230-ம் ஃபேஸ்–எர்த்தில் பூஜ்யமும் காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. ஃபேஸை மட்டும் துண்டிக்கும் ஒற்றைத் துருவப் பிரேக்கர்கள் உள்ள படகில் இது நேரடி ஆபத்து. பிரேக்கரை அணைத்த பிறகும் சாதனத்தில் மின்சாரம் இருக்கும்.

எர்த்தோடு அளக்கும் இரண்டு இடங்களிலும் 60, 110 என்று ஒழுங்கில்லாமல் மிதக்கும் எண்கள் வந்தால் எர்த்தே இணையவில்லை என்று சந்தேகப்படுங்கள். கேபிளைக் கழற்றி எர்த் வயரின் தொடர்ச்சியைச் சோதியுங்கள். வயர் நன்றாக இருந்தால் பழுது கரையில் இருக்கிறது; அந்தப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டாம்.

பழைய படகுகளில் யாரோ ஒருவர் நியூட்ரலையும் எர்த்தையும் பேனலுக்குள் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கரை மின்சாரத்தில் ஓடும்போது அந்தச் சேர்க்கை படகுக்குள் இருக்கக் கூடாது. நியூட்ரல் கரண்டின் ஒரு பங்கு எர்த் வழியாகவும் தண்ணீர் வழியாகவும் ஓடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கரண்டைக் கண்டால் துண்டிக்கும் பிரேக்கர்) உள்ள கரைப் பெட்டி உடனே டிரிப் ஆகும். அப்போது ஆர்சிசிபியைக் குறை சொல்லாதீர்கள், அது தன் வேலையைச் செய்கிறது. ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் (கரையையும் படகையும் மின்சார ரீதியாகப் பிரிப்பது) ஆகியவை மின்சாரம் தரும்போது மட்டும் அவற்றின் வெளியீட்டு முனையில் இந்தச் சேர்க்கை இருக்க வேண்டும்.

5. லோடு போட்டு மறுபடி அளவுகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

சார்ஜர், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். சோதனை ஹீட்டரை மட்டும் போடுங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு கரண்ட், கரை முனை வோல்டேஜ், படகு முனை வோல்டேஜ், இரண்டு முனைகளிலும் நியூட்ரல்–எர்த் வோல்டேஜ் ஆகியவற்றை எழுதுங்கள். நான்கு வோல்டேஜையும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும். பக்கத்துப் படகின் லோடு நடுவில் மாறினால் ஒப்பிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. லோடு இல்லாமல் கரையிலும் படகிலும் 232. ஹீட்டர் ஓடும்போது கரண்ட் 5.2 ஆம்பியர், கரை முனை 230, படகு முனை 224. நியூட்ரல்–எர்த் கரையில் 1, படகில் 6.

படகில் 224 என்பது வரம்புக்குள் தானே என்று விட்டுவிடத் தோன்றும். விடக் கூடாது. கரைப் பெட்டிக்கும் படகுக்கும் நடுவே 6 வோல்ட் காணாமல் போயிருக்கிறது, அதுவும் வெறும் 5 ஆம்பியருக்கு.

6. அந்த வோல்ட் எங்கே போயிற்று

கேபிள் தன் பங்காக எவ்வளவு எடுக்கும் என்று முதலில் கணக்கிடுங்கள். ஒரு வழி நீளத்தை மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, வயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 25 மீட்டர், 2.5 சதுர மிமீ கேபிளுக்கு 0.35 ஓம். 5.2 ஆம்பியரில் அது 1.8 வோல்ட்.

ஆக, 6 வோல்ட்டில் 1.8 நியாயமான இறக்கம். மீதி 4.2 வோல்ட் பிளக், சாக்கெட், இன்லெட் (படகில் கேபிளைச் செருகும் இடம்) இவற்றில் எங்கோ இறங்குகிறது.

பிளக்கின் எந்த உலோகப் பின்னில்? நியூட்ரல்–எர்த் அளவு இதைச் சொல்லிவிடும். எர்த் வயரில் கரண்ட் ஓடாததால் அதில் இறக்கம் இல்லை. எனவே அந்த அளவு நியூட்ரல் வயரின் இறக்கத்தை மட்டும் காட்டுகிறது. கரையில் 1, படகில் 6, வித்தியாசம் 5. கேபிளின் நியூட்ரல் பங்கு 0.9 வோல்ட் போக, ஏறத்தாழ 4.1 மிச்சம். காணாமல் போன வோல்ட் முழுவதும் நியூட்ரல் பின்னில் இருக்கிறது. எதையும் திறக்காமலே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு வயரிலும் சரிபாதியாக இறங்கியிருந்தால் கேபிள் மெல்லியது அல்லது நீளம் அதிகம் என்று பொருள். தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள படகில் இந்த அளவை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், கரைப் பக்கத்தில் எடுக்க வேண்டும்.

இப்போது சூட்டைக் கணக்கிடுங்கள். 4.2 வோல்ட், 5.2 ஆம்பியர்: 22 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் அளவு சூடு, காற்று புகாத பிளாஸ்டிக் உறைக்குள். அந்தத் தொடர்பின் எதிர்ப்பு 0.8 ஓம். அதே பின் வழியாக 15 ஆம்பியர் ஓடினால் 180 வாட். இன்லெட்டுகள் உருகித் தீப்பிடிப்பது இப்படித்தான். பிரேக்கர் இதைத் தடுக்காது. அதன் கண்ணுக்கு 15 ஆம்பியர் சரியான கரண்ட்தான்.

தெர்மாமீட்டரால் உறுதி செய்யுங்கள். அரை மணி நேரம் லோடு ஓடிய பிறகு கேபிளின் நடுப்பகுதி, கரைப் பிளக், படகு முனைப் பிளக், இன்லெட்டின் பின்புறம் நான்கையும் பாருங்கள். கேபிளைவிட 15 டிகிரிக்கு மேல் சூடான இடம்தான் குற்றவாளி. பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் அளவு குறைவாகக் காட்டும், எனவே பிளாஸ்டிக் உடம்பை நோக்கிப் பிடியுங்கள்.

7. பிளக்கையும் இன்லெட்டையும் சரிசெய்தல்

கரைப் பிரேக்கரை அணைத்து, கேபிளை இரு முனையிலும் கழற்றி, இன்வெர்ட்டரையும் அணைத்து, இன்லெட்டில் பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பின் சீரான நிறத்தில், வழவழப்பாக இருக்கும். பழுதான பின்னின் அடிப்பாகத்தில் பழுப்பு வளையம் தெரியும். அதைச் சுற்றிய பிளாஸ்டிக் தேநீர்க் கறை போல் நிறம் மாறி, நகத்தால் அழுத்தினால் பொடியும். மூக்கருகே கொண்டுபோனால் மீன் நாற்றம் போன்ற கருகல் வாசனை. இந்த நிலைக்குப் போனதைச் சுத்தம் செய்து பயன்படுத்த முடியாது. சாக்கெட்டின் உள்ளே பின்னைக் கவ்வும் உலோகம் சூட்டில் விறைப்பை இழந்துவிட்டது, திரும்ப வராது.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மிகப் பரவலான தவறு. மேற்பூச்சு போய்விடும், அடுத்த சில வாரங்களில் கடல் காற்றில் முன்பைவிட வேகமாகப் பச்சை பூக்கும். லேசான மங்கல் மட்டும் என்றால் காண்டாக்ட் கிளீனரும் துணியும் போதும்.

மாற்றுவதாக இருந்தால் ஆண் பெண் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய இன்லெட்டில் புதுப் பிளக்கைச் செருகினால் புதுப் பிளக்கும் அதே சூட்டில் கெடும். பணத்தை மிச்சப்படுத்தப் பாதியை மட்டும் மாற்றுபவர்கள் சில மாதங்களில் இரண்டையும் வாங்குகிறார்கள்.

வயரை வெட்டும்போது செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த இழையை ஸ்க்ரூவுக்கு அடியில் வைத்தால் வேலை வீண். இழைகளுக்கு ஃபெரூல் (வயர் முனைக்கான சிறு உலோகக் குழாய்) போட்டு அழுத்துங்கள். ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள்: ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பரவும், சில மாதத்தில் ஸ்க்ரூ தானாகவே லூஸ் ஆகும். உற்பத்தியாளர் தந்த முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள்.

இன்லெட்டின் பின்பக்கம் பெரும்பாலும் ஏதாவது லாக்கருக்குள், கயிறுகளுக்கும் லைஃப் ஜாக்கெட்டுகளுக்கும் பின்னால் இருக்கும். கண்ணில் படாததால் யாரும் தொடுவதில்லை. பழுதுகளில் பாதி அங்கேதான் கிடைக்கிறது. கையோடு அதையும் திறந்து பார்த்துவிடுங்கள். அங்கிருந்து பேனலின் மெயின் பிரேக்கர் வரை உள்ள ஒவ்வொரு ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கிச் சரிபாருங்கள்.

முடிந்ததும் 5-வது படியைத் திரும்பச் செய்யுங்கள். கணக்கில் வந்த 1.8 வோல்ட்டுக்கு அருகில் வந்தால் வேலை சரி.

8. கரையே பலவீனமாக இருந்தால்

சில துறைகளில் கரைப் பெட்டியிலேயே இறக்கம் இருக்கும். நீண்ட மிதவைத் துறையின் கடைசி இடத்தில் இது சகஜம். அங்கே எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம்.

படகு முனையில் லோடு இல்லாமல் 226, ஹீட்டரின் 5.2 ஆம்பியரில் 214 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டை 5.2-ஆல் வகுத்தால் 2.3 ஓம். உங்கள் கீழ் வரம்பு 207. 226-க்கும் 207-க்கும் இடையே 19 வோல்ட். 19-ஐ 2.3-ஆல் வகுத்தால் 8.3 ஆம்பியர். பெட்டியில் 16 ஆம்பியர் பிரேக்கர் இருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 8 ஆம்பியர்தான். மாலையில் எல்லாப் படகிலும் சமையல் நடக்கும் நேரத்தில் இன்னொரு முறை அளந்து, இரண்டில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர்-சார்ஜர் (இரண்டும் ஒன்றாக உள்ள கருவி) இருந்தால் கரை உள்ளீட்டு கரண்ட் வரம்பை 8-க்கு வையுங்கள். மற்ற லோடு கூடும்போது அது தன் சார்ஜிங்கைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். தனிச் சார்ஜர் என்றால் அதன் சார்ஜிங் கரண்டைக் கையால் குறைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஈய-அமில பேட்டரி நிறைய நிறைய கரண்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசி வரை முழு கரண்ட் இழுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர் சார்ஜர் ஒன்று கரையிலிருந்து சுமார் 7 ஆம்பியரை மணிக்கணக்கில் எடுக்கும். பிளக்குக்கு ஆற நேரமே கிடைக்காது.

இன்வெர்ட்டர்-சார்ஜர் நிமிடத்துக்கு ஒருமுறை டக் டக் என்று கரையை விட்டுவிட்டுப் பிடித்தால் காரணம் இது: கரையைப் பிடிக்கிறது, லோடு ஏறுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, துண்டிக்கிறது, லோடு போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. பலரும் துண்டிக்கும் வோல்டேஜைக் கீழே இறக்கி இதை "சரி" செய்கிறார்கள். சத்தம் நிற்கும். ஆனால் இந்தச் சாதனங்கள் கரை வோல்டேஜை உயர்த்தித் தருவதில்லை. வந்ததை அப்படியே லோடுகளுக்குக் கடத்துகின்றன. விக்ட்ரான் மல்டிபிளஸ் என்ற இன்வெர்ட்டர்-சார்ஜரின் 230 வோல்ட் மாடல்கள் 187 முதல் 265 வரை ஏற்கும். அந்த 187 வோல்ட் உங்கள் ஏசி கம்ப்ரஸருக்கும் போகும். உள்ளீட்டு கரண்ட் வரம்பைக் குறைப்பதே முறை. அதற்குப் பிறகு துண்டிக்கும் வோல்டேஜை 200-க்கு மேல் வைத்தால், மோட்டார் திணறும் முன்பே இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும்.

மோசமான துறைகளில் அடிக்கடி தங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அதுவே இவற்றில் சிறந்தது. கரை மின்சாரத்தைச் சார்ஜருக்கு மட்டும் கொடுங்கள்; எல்லா 230 வோல்ட் லோடும் இன்வெர்ட்டரிலிருந்து ஓடட்டும். 90 முதல் 265 வோல்ட், 45 முதல் 65 ஹெர்ட்ஸ் வரை ஏற்கும் சார்ஜர் ஒன்று இருந்தால் கரையின் குறை எதுவும் உங்கள் சாதனங்களைத் தொடாது. 2000 வாட் கெட்டில் 5 நிமிடம் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 16 ஆம்பியர்-மணிதான் போகும். 6 ஆம்பியர் கரை இணைப்பால்கூட அதை நிதானமாக நிரப்பிவிட முடியும்.

9. மோட்டாரைக் காக்கும் ரிலே

வோல்டேஜ் கண்காணிப்பு ரிலே ஒன்றை ஏசி, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் சர்க்யூட்டில் மட்டும் போடுங்கள். கீழ் வரம்பு 207, மேல் வரம்பு 253. கீழே போய்ச் சில விநாடிகள் கழித்து துண்டிக்கும்படி வையுங்கள். கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் வரும் சிறு சரிவுக்கெல்லாம் துண்டித்தால் ஏசி ஓடவே ஓடாது.

மீண்டும் இணைக்கும் தாமதம் 3 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. நின்ற கம்ப்ரஸருக்குள் இரு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன் மின்சாரம் வந்தால், சரியான வோல்டேஜிலும் அது தொடங்க முடியாமல் உறுமும்.

10. பூஸ்ட், தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டெபிலைசர்

வோல்டேஜை உயர்த்தும் (பூஸ்ட் செய்யும்) கருவிகள் எதுவும் புதிதாக மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. 200 வோல்ட்டை 230 ஆக்கினால் கரையிலிருந்து 15 சதவீதம் அதிக கரண்ட் இழுக்கப்படும். படகில் 15 ஆம்பியர் ஓடினால் கரையில் 17-க்கு மேல். 16 ஆம்பியர் பிரேக்கர் சிறிது நேரத்தில் விழும். ஒரே துறையில் நான்கு படகுகள் பூஸ்ட் செய்தால் ஒவ்வொன்றும் மற்றவற்றின் வோல்டேஜை இறக்கி, எல்லாமே மேலும் பூஸ்ட் செய்யத் தொடங்கும். எனவே 6, 7-ம் படிகளை முடிக்காமல் இதற்கு வராதீர்கள்.

டேப் (வோல்டேஜ் விகிதத்தை மாற்றும் இணைப்பு முனை) உள்ள தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் நிலையாக ஒரே அளவில் குறைவான வோல்டேஜ் வரும் இடத்துக்குச் சரியான மருந்து. 120/240 வோல்ட் படகுகள் மூன்று ஃபேஸ் துறையில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 208 பெறுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 240 வோல்ட் ஹீட்டர் 75 சதவீத வாட்தான் தரும். 240 மட்டுமே தகட்டில் உள்ள மோட்டார் திணறும். 15 சதவீத டேப் அதை 240-க்குக் கொண்டுவரும். கரை எர்த்திலிருந்து படகைப் பிரிப்பதால் உலோக அரிப்பையும் இது தடுக்கிறது. ஆனால் ஹெர்ட்ஸை மாற்றாது: 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் துறையில் அதே வோல்டேஜில் ஓட்டினால் சூடேறும்.

கால்வனிக் ஐசொலேட்டரை வோல்டேஜ் சிக்கலுக்காக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அது எர்த் வயரில் வரும் ஒரு வோல்ட் அளவிலான டிசி மின்சாரத்தைத் தடுப்பதற்கு. லோ வோல்டேஜுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

வீட்டு ஸ்டெபிலைசரைப் படகில் வைக்காதீர்கள். அதன் ரிலேக்களும் திறந்த பாகங்களும் உப்புக் காற்றுக்கும் ஆட்டத்துக்கும் செய்யப்பட்டவை அல்ல.

11. வோல்டேஜ் கூடினால்

253-க்கு மேல் (120 அமைப்பில் 132-க்கு மேல்) கண்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மெயினை அணையுங்கள். லோ வோல்டேஜ் மெல்லக் கெடுக்கும். ஹை வோல்டேஜ் சார்ஜரை நொடியில் எரிக்கும்.

மிக ஆபத்தான காரணம் கரையில் நியூட்ரல் விட்டுப்போவது. 120/240 இணைப்பில் இதை எளிதாகக் கண்டறியலாம். இரண்டு 120 வோல்ட் பக்கங்களில் ஒன்றில் ஹீட்டரைப் போடுங்கள். அந்தப் பக்கம் இரண்டு வோல்ட் இறங்கி, மறுபக்கம் ஒரு வோல்ட் ஏறினால் இயல்பு. மறுபக்கம் 5 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் நியூட்ரல் லூஸ். ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று பிரகாசமாவதும் இதே அடையாளம். மூன்று ஃபேஸ் துறையில் நியூட்ரல் முற்றிலும் விட்டால் 230 சாக்கெட்டில் 400-ஐ நெருங்கும் வோல்டேஜ் வரலாம்.

12. முதல் இரவும், கழற்றும் வரிசையும்

பேனலில் நிரந்தரமாக ஒரு வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் வேண்டும். புதிய துறையில் முதல் நாள் வந்ததும், மாலை 7 மணிக்கு, படுக்கும் முன், விடியலில் என நான்கு முறை இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வோல்டேஜை மட்டும் எழுதினால் பயனில்லை. பக்கத்தில் ஆம்பியர் இல்லாத வோல்டேஜை அடுத்த நாள் எதோடும் ஒப்பிட முடியாது.

துறைப் பணியாளரிடம் "கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். "பெட்டி முனையில் லோடு இல்லாமல் 226, 5 ஆம்பியரில் 216, மாலை 7 மணிக்கு" என்று எழுதிக் கொடுங்கள். எந்த இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்களின் எலக்ட்ரீஷியனுக்கு அந்த எண்களே சொல்லிவிடும்.

கழற்றும்போது: லோடுகள் ஒவ்வொன்றாக அணைத்து, படகு மெயின், பிறகு கரைப் பிரேக்கர். கரை முனையை முதலில் உருவுங்கள், படகு முனை கடைசியில். உருவியதும் இரண்டு பிளக்கையும் உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால், அடுத்த துறையில் செருகும் முன் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.